ஒரு சொட்டு கீழே விழாமல்

காருக்குக் கீழே விரிக்க அவன் வெள்ளைத் துணியைத்தான் எடுப்பான். பழைய சாக்கு போதும், செய்தித்தாள் போதும், வேலை முடிந்ததும் சுருட்டி எறிந்துவிடலாம் என்று அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். சாக்கில் சொட்டினால் யாருக்குத் தெரியும் என்பது அவன் பதில். எஞ்சின் ஆயிலை மாற்றி முடித்ததும் அந்தத் துணியை இரண்டு கைகளாலும் உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். பிறகு மடித்து அலமாரியில் வைப்பான், அடுத்த முறைக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அவன் வாசல் கொட்டகையில் மண்டியிட்டுத் துணியின் சுருக்கங்களை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தபோது, அவள் மாமனாரின் சளி ஜாடியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள். நடையின் ஜன்னல் வழியாக அவன் முதுகு தெரிந்தது. விரித்திருந்தது மாமனாரின் கட்டிலுக்கென்று வாங்கிய விரிப்புகளில் ஒன்று என்பதை அப்போதுதான் கவனித்தாள். கட்டிலில் கிடந்ததைவிட அது வெளுப்பாக இருந்தது.

ஜாடி ஒரு லிட்டர் பிடிக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பாத்திரம். பக்கவாட்டில் அளவுக் கோடுகள். மூடியில் இரண்டு மூக்குகள். ஒன்றில் செருகிய குழாய் மோட்டாருக்குப் போகும், மற்றொன்றில் செருகியது மாமனாரின் தொண்டையில் வைத்திருக்கும் துளைக்குப் போகும். மோட்டார் காற்றை இழுக்கும். காற்று தொண்டையில் தேங்கியதை இழுத்துவரும். வந்தது ஜாடியில் விழ, வெறும் காற்று மட்டும் மோட்டாருக்குப் போகும். சில நாள் வெளுப்பாக இருக்கும், சில நாள் மஞ்சளாக, காய்ச்சல் வரப்போகிறதென்றால் பாசி நிறத்தில். கழிப்பறையில் கவிழ்த்தால் உடனே விழாது. முதலில் மேலே நிற்கும் தண்ணீர் போகும். பிறகு அடியிலிருந்து ஒரே கட்டியாக, நூல் விட்டுக்கொண்டு, யோசித்து யோசித்து இறங்கும். அறுந்து விழும்வரை ஜாடியைச் சாய்த்தபடியே நிற்க வேண்டும். ஆட்டினால் தெறிக்கும்.

ஆரம்பத்தில் அவளுக்கு ஒவ்வொரு முறையும் குமட்டியது. இப்போது இல்லை. பழகிவிட்டது என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்வாள். உண்மையில் பழகவில்லை, குமட்டல் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். கணவன் சாப்பிட்டு முடித்து விரல்களை ஒவ்வொன்றாக, நகக்கண்வரை, காகிதக் கைக்குட்டையால் துடைப்பதைப் பார்க்கும்போது அது வந்தது.

அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தான். நாள் முழுக்க மெல்லிய துணியால் அடுத்தவர்களின் கண்ணாடிகளைத் துடைத்து, ஊதி, மறுபடி துடைத்துக் கொடுப்பது. கடையில் அவனுக்கு 'பினாயில்' என்று பெயர். அவனுக்கும் அது தெரியும், கோபப்பட்டதில்லை. சுத்தமாக இருப்பதைக் கேலி செய்கிறவர்கள் தங்கள் அழுக்குக்கு வக்காலத்து வாங்குகிறார்கள் என்று அவளிடம் ஒருமுறை விளக்கினான். அப்பாவின் அறைக்குள் அவன் வருவதில்லை. நிலைப்படியில் நின்று, "அப்பா, எப்படிருக்கீங்க? ஃபேன் கூட்டட்டுமா?" என்று கேட்பான். ஒருமுறை உள்ளே வந்தான். பக்கவாதம் வந்து, தொண்டையில் துளை போட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்த புதிது. அவள் குழாயை விட்டு இழுக்கும்போது ஜாடியில் விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கட்டிலின் கால்மாட்டிலேயே வாந்தி எடுத்தான். அன்று அவள் இரண்டு பேருக்கும் துடைக்க வேண்டியிருந்தது. "நீங்க வராம இருந்தாலே எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்று சொன்னது அவள்தான். அந்தச் சொல்லை அவன் ஒரு சான்றிதழைப்போலப் பத்திரப்படுத்திக்கொண்டான்.

கல்யாணமான புதிதில் அவன் வேடிக்கையாகச் சொன்ன கதை ஒன்று உண்டு. மாமனார் வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவர், வண்டி வேலையை வெளியில் கொடுக்காதவர். வண்டிக்குக் கீழே மல்லாக்கப் படுத்து அடிப்பக்கத்துத் திருகாணியைக் கழற்றுவார். சூடான ஆயில் முதலில் அவர் முழங்கையில் வழிந்துவிட்டுத்தான் தகர டப்பாவுக்குள் போகும். டப்பாவைக் கொண்டுபோய்ப் பின்பக்கத்துச் சாக்கடையில் கவிழ்ப்பார். துணி துவைக்கும் சோப்பை மண்ணோடு சேர்த்துத் தேய்த்துக் கை கழுவுவார். குழாயடியில் அந்தத் தண்ணீர்ச் சத்தம் நெடுநேரம் கேட்கும். எவ்வளவு தேய்த்தாலும் நகத்துக்கடியில் கறுப்பு நிற்கும். அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து மகனுக்கு ஊட்ட வருவார். மகன் வாயைத் திறக்கமாட்டான். அவர் சிரித்துக்கொண்டு சுட்டுவிரலை அவன் மூக்கில் வைத்து ஒரு பொட்டு வைப்பார். "எனக்கு இன்னிக்கும் அந்த வாடை மூக்கிலயே இருக்கு" என்றான் அவன். அவள் அப்போது சிரித்தாள்.

கார் மாமனாருடையது. வேலையிலிருந்து ஓய்வுபெற்றபோது வாங்கியது. விற்றுவிடலாம் என்று அவள் சொன்னதற்கு அவன் ஒப்பவில்லை. ஞாயிறுதோறும் கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுவான். அந்தச் சத்தம் கேட்டால் உள்ளே கட்டிலில் மாமனாரின் இடது கைச் சுட்டுவிரல் எழும். அவர் உடம்பில் அவர் சொன்னபடி கேட்பது அநேகமாக அந்த ஒரு விரல்தான். சத்தம் சீராக இருந்தால் விரல் மெத்தையில் மெதுவாகத் தட்டும். ஏதாவது பிசிறு கேட்டால் நின்றுவிடும். இதை அவள் கணவனிடம் சொன்ன அன்று அவன் போய்க் காரை இன்னொரு தடவை துடைத்தான். அவனுக்கு அப்பாமேல் பாசம் இல்லை என்று அவளால் சொல்ல முடியாது. அந்தப் பாசத்தை முழுக்க அவன் சுத்தமான பக்கமாகப் பார்த்துக் கொட்டகையில் நிறுத்தி வைத்திருந்தான், அதுதான் விஷயம்.

ஆயில் மாற்றுவதை அழுக்கில்லாத வேலையாக்குவது அவனுடைய பல வருட முயற்சி. அப்பாவைப்போலத் திருகாணியைக் கழற்றிய முதல் தடவை ஆயில் மணிக்கட்டில் வழிந்து சட்டைக் கைக்குள் போய்விட்டது. சட்டையை எரித்தான். அடுத்து, திருகாணிக்குப் பதிலாகச் சின்னக் குழாய் வைத்த அடைப்பானை மாட்டினான். அப்போதும் கடைசிச் சில சொட்டுகள் கையில் வந்தன. ஃபில்டரைக் கழற்றும்போது அதன்மேல் பாலிதீன் பையைக் கவிழ்த்து, பைக்குள்ளேயே திருகி எடுக்கப் பழகினான். கடைசியில்தான் கீழே படுக்கவே வேண்டாம் என்று கண்டுபிடித்தான். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவிவிட்டு அந்தத் துளை வழியாக மெல்லிய குழாயை அடிவரை இறக்கி, மேலிருந்தே உறிஞ்சிவிடலாம். அதற்குக் கடையில் கருவி விற்கிறார்கள். ஆனால் அவன் வீட்டைச் சுற்றிப் பார்த்தான்.

"அந்தக் கால் பம்ப் சும்மாதானே கெடக்கு?" என்று போன வாரம் கேட்டான். அவள் துணி திருத்திக் கொடுக்கும் வேலைக்காக வாங்கிவந்த யாருடையதோ கால்சட்டையின் விளிம்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாயில் ஊசி இருந்தது. நிமிராமலே "ம்" என்றாள். எந்தப் பம்ப் என்று கேட்கவில்லை. கரண்ட் போனால் காலால் மிதித்துச் சளியை உறிஞ்சுவதற்கென்று மோட்டார் வாங்கிய கடையிலேயே வாங்கி, உறை போட்டு அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்த பம்ப். மோட்டாரோடு வந்த பாட்டரி எப்போதோ செத்துவிட்டது. மாற்ற வேண்டும் என்று இருவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

கொட்டகையில் எஞ்சின் சற்று நேரம் ஓடி நின்றது. ஆயில் சூடானால்தான் இளகி வரும். பக்கத்து வீட்டிலிருந்து டிரைவிங் ஸ்கூல்காரர் மதில்மேல் கையூன்றி வேடிக்கை பார்த்தார். ஓய்வுபெற்ற பிறகும் எல்லோரையும் மாணவர்களாகவே நினைக்கிறவர். நீலக் கையுறை மாட்டிய கணவன் குழாயை அங்குலம் அங்குலமாக எஞ்சினுக்குள் இறக்குவதைப் பார்த்து, "தம்பி, ஆயில் மாத்துறியா, ஆபரேஷன் பண்றியா?" என்று அவர் கேட்டது சமையலறைவரை கேட்டது. கணவன் சிரித்தான். வெளியே எங்கும் சிரிக்காத சிரிப்பு. போனைக் காரின் மேல் சாய்த்து வைத்து வீடியோ வேறு எடுத்தான். கார் வைத்திருப்பவர்களின் குழு ஒன்றுக்கு அனுப்புவான் போலிருக்கிறது. "கை படாது, தரை படாது, ஒரு சொட்டு கீழே விழாது" என்று அவன் விளக்கத் தொடங்கியபோது அவள் கழுவிய ஜாடியை மோட்டாரில் மாட்டிவிட்டு மாமனாரின் தலையணையை உயர்த்தினாள்.

அப்போது மின்விசிறி நின்றது.

முதலில் அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. மாமனாரின் தொண்டைக்குள் களகளவென்று ஆரம்பித்தபோதுதான் மோட்டாரின் பொத்தானை அழுத்தினாள். அது அசையவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்தாள். பம்பின் உறை இருந்தது. விளிம்போடு விளிம்பு பொருந்த, சதுரமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பம்ப் இல்லை. அந்த மடிப்பைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்த வீட்டில் அப்படி மடிக்கிறவன் ஒருவன்தான்.

கொட்டகைக்கு ஓடினாள். பம்ப் வெள்ளை விரிப்பின் நடுவில் இருந்தது. அவன் ஒரு காலால் அதைச் சீராக மிதித்துக்கொண்டிருந்தான். பம்போடு வந்த ஜாடியும் உள்ளே இருப்பதைப்போலவேதான், அதே அளவுக் கோடுகள், அதே இரண்டு மூக்குகள். இரண்டு தடவை கேனில் கொட்டியது போக, ஜாடியில் முக்கால்வாசிக்குக் கறுப்பு ஆயில் நின்றது. இன்னும் குழாய்க்குள்ளிருந்து தடித்த நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. விரிப்பைக் காட்டினான்.

"பாரு. எங்கயாவது ஒரு புள்ளி இருக்கா?"

"கரண்ட் போயிடுச்சு. மாமாவுக்கு இழுக்குது."

அவன் கால் மிதிப்பதை நிறுத்தியது. ஜாடியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "ரெண்டு நிமிஷம்" என்றான். "சோப்பு போட்டு நல்லா கழுவித் தந்துடறேன்."

மதிலுக்கு அப்பால் டிரைவிங் ஸ்கூல்காரர் அவள் சொன்னதைக் கேட்டதுமே ஆம்புலன்சுக்குப் போன் போட்டு, வீட்டுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே திரும்பி ஓடினாள்.

மாமனாரின் கண்கள் அகன்றிருந்தன. உதடுகளின் ஓரம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. துளையின் வாயில் சளி ஒரு குமிழியாக வந்து, உடையாமல், உள்ளே போய், மறுபடி வந்தது. அவள் மோட்டாரையும் ஜாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். மோட்டார் செய்வதெல்லாம் காற்றை இழுப்பதுதான். ஜாடியிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயை மோட்டார் பக்கத்தில் பிடுங்கினாள். அதன் முனை அவள் கையில் இருந்தது. தொண்டையில் ஒரு கை வேண்டும், தலையைப் பிடிக்க ஒரு கை வேண்டும், இழுக்க ஒரு வாய் வேண்டும். வாசல் பக்கம் திரும்பினாள். அவன் நிலைப்படியில் வந்து நின்றிருந்தான், நீலக் கையுறைகளோடு. கைகளை எதிலும் பட்டுவிடாமல் முன்னால் தூக்கி வைத்திருந்தான்.

"வாங்க. இதை வாயில வெச்சு நீங்க இழுங்க. நான் அங்க பாத்துக்கறேன். உங்க வாய்க்கு எதுவும் வராது, ஜாடியிலதான் விழும்."

அவன் ஒரு கால் உள்ளே எடுத்து வைத்தான். கண்கள் அப்பாவின் முகத்துக்குப் போகவில்லை, குழாயின் முனையிலேயே நின்றன.

"என்னால முடியாது" என்றான். "வேற ஏதாவது சொல்லு. எது வேணா சொல்லு, பண்றேன்."

அவள் குழாயைத் தன் வாயில் வைத்துப் பற்களால் கடித்துக்கொண்டு, ஜாடியின் மற்றக் குழாயை அவர் தொண்டைத் துளைக்குள் விட்டாள்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த நர்ஸ் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். குழாயை உள்ளே விடும்போது நீயும் மூச்சை அடக்கிக்கொள், உனக்கு எப்போது மூச்சு வேண்டுமோ அப்போது அவருக்கும் வேண்டும், உடனே வெளியே எடு. இத்தனை நாளும் அவள் அப்படித்தான் செய்து வந்தாள். இப்போது அடக்க வேண்டிய மூச்சாலேயே இழுக்க வேண்டியிருந்தது. கன்னங்கள் ஒட்ட, காதுக்குள் அடைக்க இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. வாயில் ரப்பரின் சுவை, அதற்குப் பின்னால் அழுகிய பூப்போல வெதுவெதுப்பான ஒரு வாடை. அவருடைய நெஞ்சுக்குள்ளிருந்த காற்று அது, நேராக அவள் வாய்க்குள் வந்தது. நாக்கைச் சுருட்டிக்கொண்டு மறுபடி இழுத்தாள். குழாயில் ஏதோ அசைந்தது. ஏறியது. ஜாடிக்குள் கனமாக விழுந்த சத்தம் கேட்டதும் தொண்டையிலிருந்து குழாயை வெளியே எடுத்து, துப்பி, மூச்சு வாங்கி, மறுபடி விட்டாள். அவர் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. அவர் கண்ணிலிருந்து நீர் காதுக்கு ஓடியது. "ஆச்சு மாமா, ஆச்சு" என்று குழாயைக் கடித்தபடியே சொன்னாள். அது சொல்லாக வரவில்லை.

எத்தனை முறை இழுத்தாள் என்று அவளுக்குத் தெரியாது. களகளப்பு குறைந்து, பிறகு வெறும் காற்று போய்வரும் சத்தமானது. உதட்டோரம் நிறம் திரும்பியது. அவள் தலை நிமிர்ந்தபோது நிலைப்படியில் யாரும் இல்லை. மின்விசிறி எப்போது ஓட ஆரம்பித்தது என்றும் கவனிக்கவில்லை.

ஆம்புலன்சில் வந்த பையன்கள் நாடி பார்த்து, மூச்சு பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டிரைவிங் ஸ்கூல்காரர் நிலைப்படிவரை வந்து எட்டிப் பார்த்தார். எதையோ சொல்லப்போய், அவள் வாயைச் சுற்றியிருந்த குழாய்த் தடத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார். "நீ கொஞ்சம் உக்காரும்மா" என்று மட்டும் சொன்னார்.

அவள் குளியலறையில் வாய் கொப்பளித்தாள். உப்பு போட்டு, பற்பசை போட்டு, மறுபடி உப்பு போட்டு. உண்மையில் வாய்க்குள் எதுவும் வரவில்லை. எதுவுமில்லாததைத்தான் துப்ப முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் உதட்டைச் சுற்றி வட்டமாகச் சிவந்திருந்தது. அந்த வட்டத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தாள், பிறகு இன்னும் அழுத்தி. தான் அவனைப்போலவே துடைப்பது திடீரென்று தெரிந்ததும் துண்டைக் கீழே போட்டாள்.

அறைக்கு வந்து ஜாடியை மோட்டாரிலிருந்து கழற்றினாள். கொட்டகைக்கு எடுத்துப் போனாள். அவன் விரிப்பின் ஓரத்தில் குந்தியிருந்தான். புது ஆயிலை எஞ்சினில் ஊற்றி முடித்திருந்தான். அந்தக் கலவரத்துக்கு நடுவிலும் பாதியில் விட அவனுக்கு மனம் வரவில்லை. பம்பின் ஜாடி இன்னும் கறுப்பாக, நிறைந்து நின்றது. பக்கத்தில் ஒரு வாளியில் சோப்பு நுரை, நீண்ட காம்பு வைத்த பிரஷ்.

"இதோ கழுவத்தான் போறேன்" என்று எழுந்தான். "பெட்ரோல்ல ஒரு தடவை, வெந்நீர்ல ரெண்டு தடவை கழுவினா புதுசாட்டம் ஆயிடும். நாளைக்கே பாட்டரியும் மாத்திடறேன்." அவள் கறுப்பு ஜாடியையே பார்த்ததும் அவன் குரல் தாழ்ந்தது. "நான் கேட்டேனே உன்னை. சும்மாதானே கெடக்குன்னு. நீ ம்னு சொன்னியே."

"சொன்னேன்."

"அப்பாவுக்காகத்தானே இந்தக் காரையே வெச்சிருக்கேன்."

"தெரியும்."

அவள் குனிந்து, கொண்டுவந்த ஜாடியை விரிப்பின்மேல், கறுப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். வெளிப்புறம் வழிந்திருந்தது. அடியிலிருந்து ஈரம் கசிந்து வெள்ளைத் துணியில் ஒரு மஞ்சள் வளையம் மெதுவாகப் பரவியது. அவன் முதலில் பார்த்தது துணியைத்தான். அதை அவள் பார்த்தாள். வயிற்றிலிருந்து எழுந்து தொண்டைவரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். மாமனாரின் ஜாடி ஒருநாளும் அவளை அவ்வளவு தூரம் கொண்டுபோனதில்லை.

இரண்டு ஜாடிகளும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றில் கறுப்பு, ஒன்றில் மஞ்சள். இரண்டும் ஒரே மாதிரி மினுங்கின. இரண்டின் மேற்பரப்பிலும் கொட்டகைக் கூரையின் ஓட்டை வழியாக வந்த வெயில் ஒரு பொட்டாக விழுந்திருந்தது.

"ரெண்டும் கழுவணும்" என்றாள். "ஏதாவது ஒண்ணை நீங்க கழுவுங்க. இன்னொண்ணை நான் கழுவறேன். எதுன்னு நீங்களே எடுத்துக்கோங்க. நான் கேக்கமாட்டேன்."

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். அவள் காத்திருக்கவில்லை. உள்ளே போய், மாமனாரின் கட்டில் பக்கத்தில் முதுகை வாசலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் விழித்திருந்தார். கண்ணீர் காய்ந்த தடத்தை ஈரத் துணியால் துடைத்தாள். நகங்கள் வளர்ந்திருந்தன, வெட்ட வேண்டும். இத்தனை மாதமாகப் படுக்கையில் கிடந்து அவை குழந்தையின் நகங்களைப்போல வெளுத்துவிட்டிருந்தன.

வெளியே நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை. கையுறை கழற்றும்போது வரும் சத்தம்போல ஒன்று கேட்டது, அல்லது மாட்டும்போது வருவதாகவும் இருக்கலாம். பிறகு குழாய் திறந்தது. தண்ணீர் வாளியில் விழுந்து, நின்று, மறுபடி விழுந்தது. பிரஷ் ஜாடியின் உள்சுவரில் உரசத் தொடங்கியது. முதலில் தயங்கி, பிறகு வேகமாக. எந்த ஜாடி என்று சத்தத்தில் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மெத்தைமேல் மாமனாரின் சுட்டுவிரல் எழுந்தது. தட்டவில்லை. அப்படியே நின்றது, பேசாதே, கேள் என்பதுபோல.